பஸ் தரிப்பிடப் பட்டியலை இழுத்து ஒழுங்கு மாத்திறது: கணினியில ஓடுது, போனில ஓடேல்ல

மருதனார்மடம்

யாழ்ப்பாணம் – காங்கேசன்துறை வீதியில ஓடுற பஸ்ஸுகளுக்கான நேர அட்டவணைத் தளம். நிர்வாகப் பக்கத்தில தரிப்பிடங்கள் ஒரு பட்டியலா வருது: யாழ்ப்பாணம், கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, காங்கேசன்துறை. புதுசா ஒண்டைச் சேர்த்தால் அது பட்டியலின்ர அடியில போய் நிக்குது. அதைப் பிடிச்சு இழுத்து உரிய இடத்தில விடவேணும். இந்த ஒழுங்கில இருந்துதான் நேரக் கணக்கும் பயணச்சீட்டுக் கட்டணமும் எடுக்கப்படுது, அதால ஒரு வரி மாறினாலும் பிழை வெளியில தெரியும்.

பிஎச்பி, மைஎஸ்கியூஎல். ரியாக்ற் மாதிரி ஒண்டும் இல்லை, வெறும் ஜாவாஸ்கிரிப்ற். ஒவ்வொரு எல்ஐ எலிமென்றுக்கும் (பட்டியலின்ர ஒரு வரி) ட்ராகபிள் ட்ரூ குடுத்து, ட்ராக்ஸ்ராட் (இழுப்புத் தொடக்கம்), ட்ராக்ஓவர் (மேலால போறது), ட்ரொப் (விடுறது) எண்ட மூண்டு இவென்றையும் கட்டி இருக்கு. நிலைமை இதுதான்:

1. அன்ட்ரொயிட் போனில விரலால இழுத்தால் வரி அசையாது, பக்கம்தான் ஸ்க்ரோல் ஆகுது.
2. கணினியில, குறிப்பு எழுதின உயரமான வரிக்கு மேலால இழுக்கேக்க ரெண்டு வரியும் மாறி மாறித் துடிக்குது.
3. ஒவ்வொரு இழுப்புக்கும் முழுப் பட்டியலையும் சேர்வருக்கு அனுப்பிறது. ரெண்டு பேர் ஒரே நேரத்தில திருத்தினால் ஒருவரின்ர ஒழுங்கு காணாமல் போகுது.

லைப்ரரி (ஆயத்தமா எழுதி வைச்ச கோட்) போடுறதோ, கையால எழுதுறதோ? எது நல்லது எண்டு விளக்கமாச் சொல்லுங்கோ.

---

கொக்குவில்_கோடர்

முதல் பிரச்சினையின்ர வேர் நீங்கள் எடுத்த ஏபிஐ (பிரவுசர் தாற ஆயத்த வழி) தான் தம்பி. எச்டிஎம்எல்லின்ர ட்ராக் அன்ட் ட்ரொப், மைக்ரோசொஃப்ற் இன்ரநெற் எக்ஸ்ப்ளோரர் 5இல 1999இல கொண்டு வந்ததின்ர வழித்தோன்றல். அது ஒரு பொருளை ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்குக் குடுக்கிறதுக்கு எண்டு செய்தது: கோப்பை டெஸ்க்ரொப்பில இருந்து பக்கத்துக்குள்ள போடுறது, எழுத்தை ஒரு பெட்டியில இருந்து மற்றதுக்கு மாத்திறது. ஒரே பட்டியலுக்குள்ள வரிகளை மேல கீழ நகர்த்திறது அதின்ர நோக்கமே இல்லை.

அதால வாற தொல்லைகள் கனக்க. ட்ராக்ஓவரில பிரிவென்ற்டிஃபோல்ற் (பிரவுசரின்ர வழக்கமான செயலைத் தடுக்கிறது) கூப்பிடாட்டி ட்ரொப் நடக்கவே நடக்காது. பழைய ஃபயர்ஃபொக்ஸில ட்ராக்ஸ்ராட்டுக்குள்ள செற்டேற்றா கூப்பிடாட்டி இழுப்புத் தொடங்காது. ட்ராக்ஓவர் நேரத்தில கெற்டேற்றா வெறுமையைத்தான் தரும், ட்ரொப்பிலதான் உள்ளடக்கம் கிடைக்கும். ஆனபடியால் எந்த வரி இழுபடுது எண்டதை ஒரு மாறியில வைச்சிருக்க வேணும். ட்ராக்ஸ்ராட்டுக்குள்ள உடனேயே அந்த வரியை டிஸ்பிளே நன் ஆக்கினால் குரோம் இழுப்பையே முடிச்சுப்போடும், செற்ரைம்அவுட் 0 போட்டுப் பிறகுதான் மறைக்க வேணும். விரலோட வாற நிழற்படத்தின்ர தோற்றமும் முழுசா உங்கட கையில இல்லை.

போனில இது கனகாலம் வேலையே செய்யேல்ல. ஐபோன் சஃபாரியில ஐஓஎஸ் 15இல இருந்துதான் வந்தது. இப்பவும் அழுத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டால்தான் இழுப்புத் தொடங்கும். சாதாரண விரல் அசைவு ஸ்க்ரோல்தான். உங்களுக்கு நடக்கிறது அதுதான்.

பட்டியல் ஒழுங்குக்குச் சரியானது பொயின்ரர் இவென்ற். மவுஸ், விரல், பேனை மூண்டுக்கும் ஒரே கோட். ஒழுங்கு இப்பிடி:

ஒவ்வொரு வரியிலும் ஒரு பிடி வையுங்கோ, ஆறு புள்ளி அல்லது மூண்டு கோடு. அந்தப் பிடிக்கு மட்டும் சிஎஸ்எஸ்ஸில ரச்-அக்ஷன் நன் (விரலசைவைப் பிரவுசர் ஸ்க்ரோலா எடுக்காது). முழு வரிக்கும் போட்டால் போனில பக்கத்தை ஸ்க்ரோல் பண்ண இடமே மிஞ்சாது. போடாமல் விட்டால் விரல் கொஞ்சம் நகர்ந்ததும் பிரவுசர் அதை ஸ்க்ரோல் எண்டு எடுத்து உங்களுக்கு பொயின்ரர்கான்சல் (இழுப்பு ரத்து) அனுப்பிப்போட்டுத் தன்ர வேலையைப் பாக்கும். விரல் பட்ட பிறகு ஜாவாஸ்கிரிப்றால ரச்-அக்ஷனை மாத்திப் பயனில்லை, விரல் படுற கணத்தில இருக்கிற பெறுமதிதான் கணக்கு.

பொயின்ரர்டவுனில: பட்டன் 0 (இடது பட்டன்) தானோ, இஸ்பிரைமரி (முதல் விரல்) உண்மைதானோ எண்டு பாருங்கோ. தொடங்கின வை (மேல்-கீழ் தூரம்) பெறுமதியையும் அப்ப இருக்கிற முழு ஒழுங்கையும் சேமியுங்கோ. பொயின்ரர்மூவில: 5 பிக்சல் தாண்டினால் மட்டும் இழுப்பு எண்டு எடுங்கோ, இல்லாட்டி சும்மா தொட்டதும் இழுப்பாப் போயிடும். பொயின்ரர்அப்பில: முடிச்சு அனுப்புங்கோ. பொயின்ரர்கான்சலிலயும் எஸ்கேப் விசையிலயும்: சேமிச்ச பழைய ஒழுங்குக்குத் திருப்புங்கோ, சேர்வருக்கு ஒண்டும் போகக்கூடாது.

இதில ஒரு இடத்தில கனபேர் தடக்குப்படுவினம். செற்பொயின்ரர்கப்சரை (விரல் எங்க போனாலும் இவென்றை ஒரே எலிமென்றுக்கு அனுப்பிறது) பிடியிலேயே போட்டு, இழுக்கேக்க இன்சேர்ட்பிஃபோரால அந்த வரியையே நகர்த்தினால், கப்சர் விட்டுப்போகும். ஏனெண்டால் இன்சேர்ட்பிஃபோர் எண்டது எலிமென்றை முதல்ல ஆவணத்தில இருந்து கழற்றிப் பிறகு சேர்க்கிற வேலை; கழற்றின உடனே கப்சரும் போச்சு. முதல் இடமாற்றம் வடிவா நடக்கும், ரெண்டாவதில இருந்து விரல் ஒரு பக்கம் வரி ஒரு பக்கம். தீர்வு: கப்சரை யூஎல்லில (முழுப் பட்டியலின்ர எலிமென்ற்) போடுங்கோ, அது அசையாது. அல்லது இழுபடுற வரியைத் தொடாமல் பக்கத்து வரியை அதின்ர மற்றப் பக்கத்துக்கு மாத்துங்கோ. விளைவு ஒண்டுதான்.

---

வடலி

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனால் எட்டு, பத்துத் தரிப்பிடத்துக்கு இவ்வளவையும் கையால எழுத வேணுமோ? சோர்ட்டபிள்ஜேஎஸ் எண்ட இழுத்து ஒழுங்குபடுத்திற லைப்ரரி ஒரு கோப்பு, ஜேகுவெரி (இன்னொரு பழைய லைப்ரரி) தேவையில்லை, ரச் உள்ளுக்கே இருக்கு. நான் வைக்கச் சொல்லுற அமைப்பு:

ஹான்டில்: பிடியின்ர கிளாஸ் பெயர். அனிமேஷன்: 150. ஃபோர்ஸ்ஃபோல்பாக்: ட்ரூ. டேற்றாஐடிஅற்ர்: ஒவ்வொரு வரியிலும் இருக்கிற தரிப்பிட இலக்கம். ஒன்எண்ட் இவென்றில ஓல்ட்இன்டெக்ஸும் நியூஇன்டெக்ஸும் வரும். ரெண்டும் சமமெண்டால் ஒண்டும் அனுப்பாதேங்கோ.

ஃபோர்ஸ்ஃபோல்பாக் ஏனெண்டால், அது இல்லாட்டி கணினியில அந்த லைப்ரரி எச்டிஎம்எல் ட்ராக்கைத்தான் பாவிக்கும், போனில தன்ர சொந்த வழியைப் பாவிக்கும். ரெண்டு வித நடத்தை, ரெண்டு தரம் சோதிக்க வேணும். போட்டால் ரெண்டிலயும் ஒரே மாதிரி.

பிடி வைக்க இடமில்லாத பட்டியலெண்டால் மட்டும் டிலே 200, டிலேஒன்ரச்ஒன்லி ட்ரூ, ரச்ஸ்ராட்திரெஷோல்ட் 5. அதாவது 200 மில்லிசெக்கன் அழுத்திப் பிடிச்சால்தான் இழுப்பு. பிடி இருக்கிற இடத்தில டிலே போடாதேங்கோ, பிடிச்சதும் அசையாட்டி ஆக்கள் பிழையெண்டு நினைப்பினம்.

வரிக்குள்ள எழுதுற பெட்டி இருந்து, ஃபில்ரரால அதை விலக்கினால், பிரிவென்ற்ஒன்ஃபில்ரரை ஃபோல்ஸ் ஆக்க வேணும். ஆக்காட்டி பெட்டிக்குள்ள கேர்சர் போகாது.

ஜேகுவெரி யூஐயின்ர சோர்ட்டபிளைப் புதுசாத் தொடங்கிற வேலைக்கு எடுக்காதேங்கோ. அது இப்ப பராமரிப்பு நிலையில மட்டும் இருக்கு, ரச்சுக்கு ரச் பஞ்ச் எண்ட இன்னொரு ஒட்டு வேணும்.

---

கொக்குவில்_கோடர்

> எட்டு, பத்துத் தரிப்பிடத்துக்கு இவ்வளவையும் கையால எழுத வேணுமோ?

லைப்ரரி போடுறதில எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரெண்டாவது பிரச்சினை, அந்தத் துடிப்பு, ஏன் வருது எண்டு விளங்காமல் லைப்ரரி மாத்தினால் அது வேற உருவத்தில திரும்பி வரும். கணக்கா எழுதிறன்.

இழுபடுற வரி 40 பிக்சல் உயரம், பட்டியலின்ர மேல் 0 முதல் 40 வரை. அடுத்த வரி குறிப்போட 96 பிக்சல், 40 முதல் 136 வரை. பொயின்ரர் 45இல வந்து உயரமான வரிக்குள்ள நுழையுது. உங்கட ட்ராக்ஓவர் "இந்த வரிக்கு மேல வந்திட்டார், மாத்து" எண்டு மாத்துது. இப்ப உயரமான வரி 0 முதல் 96, இழுபடுற வரி 96 முதல் 136. பொயின்ரர் இன்னும் 45இலதான், அதாவது இன்னும் உயரமான வரிக்கு மேலதான். அடுத்த இவென்ற் திரும்ப மாத்துது. விரலை அசைக்காமல் வைச்சிருந்தாலும் ட்ராக்ஓவர் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும், அதால துடிப்பு நிக்காது.

நுழைஞ்சதும் மாத்தாமல், நடுக்கோட்டைத் தாண்டினால் மாத்துங்கோ. உயரமான வரியின்ர நடு 40 கூட்டல் 48, அதாவது 88. பொயின்ரர் 89க்கு வந்ததும் மாத்துது. மாத்தின பிறகு அதே வரியின்ர நடு 48. பொயின்ரர் 89இல நிக்குது, 48க்குக் கீழ; திரும்ப மாற வேணுமெண்டால் ஆள் 41 பிக்சல் மேல வரவேணும். ரெண்டு நடுக்கோட்டுக்கும் (88, 48) இடையில இருக்கிற இந்த 40 பிக்சல் இடைவெளி இழுபடுற வரியின்ர உயரத்துக்குச் சமனா எப்பவும் தானா அமையும். அதுதான் துடிப்பை நிப்பாட்டுது. எல்லா வரியும் ஒரே உயரமா இருக்கிற பட்டியலில இந்தப் பிழை தெரியாது, அதால மாதிரித் தரவோட சோதிச்சு விட்டிடுவினம். "காங்கேசன்துறை" மாதிரி நீளமான பெயர் சின்னத் திரையில ரெண்டு வரியா முறியிற பட்டியலில உடனே தெரியும்.

இன்னொண்டு. மற்ற வரிகள் வழுக்கிப் போற மாதிரி ட்ரான்சிஷன் போட்டிருந்தால், வரியின்ர இடத்தை அளக்கிற கெற்பவுண்டிங்கிளையன்ற்ரெக்ற் அந்த அசைவின்ர இடைநிலையைத்தான் தரும். நடுக்கோடு ஓடிக்கொண்டிருக்கேக்க அதோட ஒப்பிட்டால் திரும்பவும் துடிப்பு. இழுப்புத் தொடங்கேக்க எல்லா வரியின்ர மேல், உயரம் ரெண்டையும் ஒருக்கா அளந்து ஒரு வரிசையில வையுங்கோ. இழுக்கேக்க கணக்கு முழுக்க அந்த எண்களில. மூவ் இவென்றுக்கு ஒருக்கா அளந்தால் பிரவுசர் ஒவ்வொரு தடவையும் தளக்கோலத்தைத் திரும்பக் கணிக்கும், விலை குறைஞ்ச போனில வரி விரலுக்குப் பின்னால இழுபட்டுக்கொண்டு வரும்.

---

சங்குப்பிட்டி

இவ்வளவும் கதைச்சும் இழுக்க ஏலாத ஆளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. கை நடுங்கிறவர், விசைப்பலகை மட்டும் பாவிக்கிறவர், திரை வாசிப்பான் பாவிக்கிறவர். டபிள்யூசிஏஜி 2.2 (எல்லாரும் பாவிக்கக்கூடிய இணையப் பக்கங்களுக்கான விதித்தொகுப்பு), 2023 ஒக்டோபரில வந்தது, அதில 2.5.7 விதி இதுக்கெண்டே இருக்கு: இழுத்துச் செய்யிற எந்த வேலையையும் இழுக்காமல் ஒரே பொயின்ரரால தட்டியும் செய்யக்கூடியதா இருக்க வேணும். ஏஏ மட்டம் (மூண்டு மட்டத்தில நடு). விசைப்பலகையால எல்லாம் செய்யக்கூடியதா இருக்கவேணும் எண்டது அதுக்கும் அடிப்படையான 2.1.1.

என்ர கருத்து, முதல்ல இழுப்பை எழுதாதேங்கோ. ஒவ்வொரு வரியிலும் மேல, கீழ எண்டு ரெண்டு உண்மையான பட்டன் எலிமென்றை வையுங்கோ. அதுக்கு ஒரு நகர்த்து ஃபங்ஷன்: எந்த வரி, எந்த இடத்துக்கு. அது சேர்வரோட கதைச்சு, பிழை வந்தால் காட்டி, முழுசா ஓடட்டும். பிறகு இழுப்பு முடியேக்க அதே ஃபங்ஷனைக் கூப்பிடுங்கோ. ஜாவாஸ்கிரிப்ற் இறங்க முதலே வேலை செய்ய வேணுமெண்டால் பட்டன்களை ஒரு ஃபோர்முக்குள்ள வைச்சால் போதும்.

கவனிக்க வேண்டியது:

பட்டனை அமத்தினதும் வரி நகரும், இன்சேர்ட்பிஃபோர் எலிமென்றைக் கழற்றிச் சேர்க்கிறதால ஃபோகஸ் பறிபோகும். நகர்த்தின கையோட அதே பட்டனுக்கு ஃபோகஸைத் திருப்பிக் குடுங்கோ. குடுக்காட்டி மல்லாகத்தை மூண்டு இடம் மேல கொண்டு போக, ஒவ்வொரு தடவையும் பக்கத்தின்ர உச்சியில இருந்து ரப் விசை அடிச்சு வரவேணும். குரோம் 133இல மூவ்பிஃபோர் எண்ட புது வழி வந்திருக்கு, அது ஃபோகஸையும் ஐஃப்ரேமின்ர நிலையையும் குழப்பாமல் நகர்த்தும். எல்லாப் பிரவுசரிலயும் இருக்குமெண்டு நம்பி எழுதாதேங்கோ. இருந்தால் பாவி, இல்லாட்டி பழைய வழி எண்டு எழுதுங்கோ.

முதல் வரியின்ர "மேல" பட்டனை டிசேபிள்ட் ஆக்கினால், ஆள் ஒரு வரியை உச்சிக்குக் கொண்டு வந்த கணத்தில அந்தப் பட்டன் செத்து ஃபோகஸும் போகும். ஏரியா-டிசேபிள்ட் (வாசிப்பானுக்கு மட்டும் செயலிழந்தது எண்டு சொல்லுறது) போட்டு, அமத்தினால் ஒண்டும் நடக்காமல் விடுங்கோ.

எல்லா வரியிலும் பட்டன் வெறும் "மேலே" எண்டு இருந்தால் திரை வாசிப்பானில பதினாறு பட்டன் ரெண்டே பெயரில கேக்கும். தரிப்பிடத்தின்ர பெயரும் சேரவேணும். இஞ்சதான் தமிழில ஒரு சிக்கல்: ஆங்கிலத்தில எழுதிறமாதிரி பெயரோட உருபை ஒட்டினால் "சுன்னாகம்ஐ", "கொக்குவில்ஐ" எண்டு வந்து நிக்கும். "சுன்னாகத்தை", "கொக்குவிலை", "தெல்லிப்பழையை" எண்டு ஒவ்வொண்டும் வேற மாதிரித் திரியும், அதுக்கு விதி எழுதப் போனால் முடியாது. உருபே தேவைப்படாத மாதிரி வசனத்தை அமையுங்கோ: "சுன்னாகம்: மேலே நகர்த்து". நகர்ந்த பிறகு "சுன்னாகம்: 8 இடங்களில் 4ஆவது". பெயர் எழுவாயா அப்பிடியே நிக்கும், எந்த ஊர் வந்தாலும் பிழைக்காது.

அந்த ரெண்டாவது வசனம் ஏரியா-லைவ் பொலைற் (எழுத்து மாறினால் வாசிப்பான் தானா வாசிக்கும்) போட்ட ஒரு எலிமென்றுக்குள்ள போகவேணும். அந்த எலிமென்ற் பக்கம் ஏறேக்கயே வெறுமையா இருக்கவேணும். எழுத்தோட சேர்த்து அப்பதான் உருவாக்கினால் கனக்க வாசிப்பான்கள் வாசிக்காது. பக்கத்தின்ர மொழியைக் குறிக்கிற லாங் பெறுமதி ரிஏ (தமிழ்) எண்டு இருக்கிறதையும் பாருங்கோ. என்விடிஏ எண்ட திரை வாசிப்பானோட வாற ஈஸ்பீக் குரல் தொகுப்பில தமிழ்க் குரல் இருக்கு, ஆனால் லாங் பிழையெண்டால் அது ஆங்கிலக் குரலால வாசிக்கப் பாத்துத் திணறும்.

ஏரியா-கிராப்ட், ஏரியா-ட்ரொப்இஃபெக்ற் ரெண்டும் ஏரியா 1.1இலேயே கைவிடப்பட்டது. பழைய கட்டுரைகளைப் பாத்துப் போடாதேங்கோ.

பிடியின்ர அளவு 24 பெருக்கல் 24 பிக்சல் எண்டது விதியின்ர ஆகக் குறைஞ்ச எல்லை. 44 வையுங்கோ. படம் சின்னனா இருக்கலாம், சுத்திவர பாடிங் குடுத்தால் போதும்.

---

மருதனார்மடம்

அக்கா, பட்டனில இருந்து தொடங்கிறது நல்ல வழி, அப்பிடியே செய்யிறன். உருபு விசயம் தனியா ஒரு பெரிய உதவி. மூண்டாவது கேள்விக்கு, சேர்வர் பக்கத்துக்கு, ஆராவது சொல்லுங்கோ. இப்ப அட்டவணையில "ஓடர்" எண்டு ஒரு கொலம் (நிரல்), அதில 1, 2, 3.

---

நெல்லியடிச்சந்தி

முதல்ல அந்தக் கொலத்தின்ர பெயரை மாத்துங்கோ. ஓடர் எண்டது எஸ்கியூஎல்லில ஒதுக்கின சொல், ஒவ்வொரு இடத்திலும் பக்ரிக் போட மறந்தால் பிழை. "பொசிஷன்" அல்லது "சோர்ட்_இன்டெக்ஸ்" எண்டு வையுங்கோ.

அனுப்பிறதுக்கு ரெண்டு வழி. ஒண்டு, முழு ஒழுங்கையும் அனுப்பிறது. மற்றது, "தரிப்பிடம் 17, 6ஆவது இடத்தில இருந்து 4ஆவது இடத்துக்கு" எண்டு நகர்வை மட்டும் அனுப்பிறது. உங்கட பட்டியல் சின்னன். முழுசா அனுப்புங்கோ, ஆனால் பதிப்பு இலக்கத்தோட. வீதி அட்டவணையில "வேர்ஷன்" எண்டு ஒரு கொலம். பக்கம் ஏறேக்க அந்த எண்ணையும் குடுங்கோ, சேமிக்கேக்க அது திரும்பி வரட்டும். சேர்வரில நடக்க வேண்டிய ஒழுங்கு:

ட்ரான்சாக்ஷன் (எல்லாம் ஒண்டா நடக்கும், இல்லாட்டி ஒண்டும் நடக்காது) தொடங்கு. அந்த வீதியின்ர வேர்ஷனை செலெக்ற் ஃபோர் அப்டேற்றால எடு, இது வரியைப் பூட்டும், அதால அட்டவணை இன்னோடிபியா (வரியைப் பூட்டக்கூடிய மைஎஸ்கியூஎல் வகை) இருக்கவேணும். வந்த எண்ணோட பொருந்தாட்டி ரோல்பாக் (எல்லாத்தையும் பழையபடி விடு), 409 (முரண் எண்ட பிழைக்குறி) அனுப்பு, கூடவே இப்ப இருக்கிற ஒழுங்கையும் அனுப்பு. பொருந்தினால், வந்த இலக்கங்களின்ர தொகுதியும் தரவுத்தளத்தில இருக்கிற தொகுதியும் ஒண்டோ எண்டு பார்: ஒண்டும் குறையக்கூடாது, கூடக்கூடாது, ரெண்டு தரம் வரக்கூடாது. பிறகு 1இல இருந்து எழுது, வேர்ஷனில ஒண்டைக் கூட்டு, கொமிற் (நிலையாச் சேமி).

409 வந்தால் பக்கத்தில "வேறொருவர் இந்தப் பட்டியலை மாற்றியிருக்கிறார்" எண்டு காட்டிப் புது ஒழுங்கை வரையுங்கோ. பேசாமல் மேல எழுதிறதுதான் இப்ப உங்களுக்கு நடக்கிறது.

வீதி, பொசிஷன் ரெண்டுக்கும் சேர்த்து யுனீக் (ஒரே பெறுமதி ரெண்டு தரம் வரக்கூடாது எண்ட கட்டுப்பாடு) போட்டிருந்தால் ஒரு பொறி இருக்கு. மைஎஸ்கியூஎல் அந்தக் கட்டுப்பாட்டை ஒவ்வொரு வரி மாறேக்கயும் உடனே பாக்கும். 4ஆவதை 5 ஆக்கேக்க 5 இன்னும் அங்க இருக்கும், 1062 (இரட்டைப் பெறுமதி) பிழை. போஸ்ற்கிரெஸ்கியூஎல்லெண்டால் டிஃபெரபிள் ஆக்கி கொமிற் நேரத்தில பாக்க வைக்கலாம், மைஎஸ்கியூஎல்லில அது இல்லை. முதல்ல அந்த வீதியின்ர எல்லாப் பொசிஷனையும் மைனஸ் ஆக்கிப் பிறகு புது எண்களை எழுதுங்கோ. கொலம் அன்சைன்ட் எண்டால் மைனஸ் போகாது, அதையும் மாத்த வேணும்.

பிஎச்பியில ரெண்டு விசயம். ஜேசனா அனுப்பினால் போஸ்ற் மாறி வெறுமையா இருக்கும், பிஎச்பி இன்புற் ஸ்ரீமில இருந்து வாசிச்சு ஜேசன் டிகோட் செய்யவேணும். ஃபோர்மா, ஒவ்வொரு இலக்கத்தையும் தனி மாறியா அனுப்பினால், மக்ஸ்_இன்புற்_வார்ஸின்ர இயல்புப் பெறுமதி 1000. அதுக்கு மேல வந்ததை பிஎச்பி வெட்டிப்போடும், லொக்கில ஒரு எச்சரிக்கை மட்டும் கிடக்கும். எட்டுத் தரிப்பிடத்துக்கு இது பொருட்டில்லை. ஆனால் இதே கோடை ஆயிரத்துக்கு மேல வரி இருக்கிற பட்டியலுக்குக் கொண்டுபோனால் அடி வரிகள் காணாமல் போகும். மேல சொன்ன தொகுதிச் சோதனை இதையும் பிடிக்கும்.

---

வடலி

> 1இல இருந்து எழுது

ஒரு வரி நகர எல்லா வரியையும் எழுதிறது வீண்தானே? பொசிஷனை 1024, 2048, 3072 எண்டு இடைவெளி விட்டு வைச்சு, நடுவில போடேக்க ரெண்டுக்கும் சராசரியை எடுத்தால் ஒரே ஒரு அப்டேற்.

---

நெல்லியடிச்சந்தி

ஆயிரக்கணக்கான வரி இருக்கிற பட்டியலுக்கு அது நல்ல வழிதான். இஞ்ச வேண்டாம் எண்டதுக்குக் காரணம் சொல்லுறன். 1024க்கும் 2048க்கும் இடையில ஒரே இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டால்: 1536, 1280, 1152, 1088, 1056, 1040, 1032, 1028, 1026, 1025. பத்துத் தரத்தில இடம் முடிஞ்சுது. தசம எண்ணுக்கு மாறினாலும் டபிளின்ர 53 பிற் துல்லியம் ஐம்பது சொச்சப் பாதியாக்கலோட தீரும். தீர்ந்ததும் எல்லாத்தையும் திரும்ப எண்ணிடவேணும், அந்தக் கோடை எப்பிடியும் எழுதத்தான் வேணும். எட்டு வரிக்கு அந்தத் திரும்ப எண்ணிடுற கோட் மட்டும் போதும்.

அதோட பஸ் தரிப்பிடத்துக்கு 1, 2, 3 எண்ட தொடர் எண்ணே பயன்படும்: கட்டணப் பிரிவைப் பாக்கேக்க ரெண்டு தரிப்பிடத்துக்கு இடையில எத்தினை தரிப்பிடம் எண்டது கழித்தலோட வந்திடும்.

திரும்பி வாற பயணத்துக்குத் தனிப் பட்டியல் வைக்காதேங்கோ, அதையே இறங்குவரிசையில எடுங்கோ. ஒருவழிப் பாதையால நகருக்குள்ள வேற வீதியால வாற இடங்களுக்கு மட்டும், "போகேக்க", "வரேக்க", "ரெண்டும்" எண்டு வரிக்கு ஒரு கொலம் போதும். ரெண்டு பட்டியல் வைச்சால் ஒண்டை இழுத்துப்போட்டு மற்றதை மறப்பினம்.

---

கொக்குவில்_கோடர்

சேர்வர் பக்கம் முடிஞ்சால், இணைப்புப் பலவீனமான நேரத்தைப் பற்றியும் ஒருக்கா யோசியுங்கோ. ஆள் மல்லாகத்தை இழுக்கிறார், மறுமொழி வர முதல் இணுவிலையும் இழுக்கிறார். ரெண்டாவது கோரிக்கை பழைய வேர்ஷனோட போகும், தன்ர முதல் கோரிக்கையாலேயே 409 வாங்கும். அதால ஒரு நேரத்தில ஒரு கோரிக்கைதான் வெளியில நிக்கலாம். ஒண்டு போய்க்கொண்டிருக்கேக்க வாற மாற்றங்களை "இன்னும் சேமிக்க இருக்கு" எண்ட கொடியால குறிச்சு வைச்சு, மறுமொழியோட புது வேர்ஷன் வந்ததும் கடைசி ஒழுங்கை மட்டும் அனுப்புங்கோ. இடையில இருந்த ஒழுங்குகள் தேவையில்லை. முழு ஒழுங்கையும் அனுப்பிறதின்ர வசதி இதுதான். நகர்வை மட்டும் அனுப்பினால் ஒண்டையும் தவறவிடேலாது.

சேமிக்கேல்ல எண்டால் வரியைத் தானா பழைய இடத்துக்குத் துள்ள விடாதேங்கோ. ஆள் பாக்காத நேரத்தில பட்டியல் மாறும். இழுத்த இடத்திலேயே விட்டு, மேல "சேமிக்கப்படவில்லை, மீண்டும் முயல்க" எண்டு பட்டனோட காட்டுங்கோ.

---

சங்குப்பிட்டி

"சேமிக்கப்பட்டது" எண்டதையும் அதே ஏரியா-லைவ் இடத்தில சொல்லுங்கோ, ஆனால் இடம் சொல்லுற வசனத்தை மூடாமல். "சுன்னாகம்: 8 இடங்களில் 4ஆவது. சேமிக்கப்பட்டது." எண்டு ஒரே வசனமா, மறுமொழி வந்த பிறகு.

---

மருதனார்மடம்

எல்லாத்துக்கும் நன்றி. இன்னும் ரெண்டு சின்னக் கேள்வி. புதுத் தரிப்பிடம் சேர்க்கிற தெரிவுப் பெட்டியில ஊர்கள் அகரவரிசையில வரவேணும், சோர்ட் போட்டால் ஒழுங்கு பிழைக்குது. மற்றது, நீளமான வீதிகளில, பருத்தித்துறை வீதியில நல்லூர், இருபாலை, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால், அச்சுவேலி எண்டு போகேக்க, போன் திரைக்குள்ள பட்டியல் அடங்காது. அடியில இருக்கிறதை உச்சிக்கு இழுக்கேக்க பக்கமும் தானா நகர வேணும்.

---

வடலி

அகரவரிசை: வெறும் சோர்ட் யுனிகோட் எண்ணைத்தான் பாக்கும். அதில ந முடிய உடனே ன, பிறகுதான் ப. ர, ற, ல, ள, ழ, வ எண்டு இடையினமும் குழம்பி நிக்கும். ஜ எண்டது சவுக்கும் ஞவுக்கும் இடையில நுழைஞ்சிருக்கும். இன்ரல் கொலேற்றரை (மொழிக்கேற்ற ஒழுங்கு பாக்கிற பிரவுசரின்ர கருவி) ரிஏ மொழிக்கு உருவாக்கி அதின்ர கொம்பெயர் ஃபங்ஷனை சோர்ட்டுக்குக் குடுங்கோ. ழ, ள, ற, ன எண்டு முடிஞ்சு, கிரந்த எழுத்துகள் அதுக்குப் பிறகு வரும்.

ஸ்க்ரோல்: சோர்ட்டபிள்ஜேஎஸ்ஸிலெண்டால் ஓட்டோஸ்க்ரோல் உள்ளுக்கே இருக்கு. ஸ்க்ரோல்சென்சிற்றிவிற்றியை 60 அளவில வைச்சுப் பாருங்கோ, இயல்பா இருக்கிற 30 விரலுக்குப் போதாது, விரலே அந்தப் பகுதியை மறைச்சுப்போடும்.

---

கொக்குவில்_கோடர்

கையால எழுதிறதெண்டால்: பொயின்ரரின்ர கிளையன்ற்வை (திரையில மேலிருந்து கீழான இடம்) திரையின்ர மேல் விளிம்பில இருந்து 60 பிக்சலுக்குள்ள வந்தாலோ கீழ் விளிம்புக்கு 60க்குள்ள போனாலோ, ரிகுவெஸ்ற்அனிமேஷன்ஃப்ரேமுக்குள்ள (திரை வரைய முதல் ஒவ்வொரு தடவையும் ஓடுறது) ஸ்க்ரோல்பை கூப்பிடுங்கோ. வேகம் விளிம்புக்கு எவ்வளவு கிட்ட எண்டதைப் பொறுத்து, ஒரு ஃப்ரேமுக்கு 2 பிக்சலில இருந்து 12 வரை. மூவ் இவென்றுக்குள்ள வைக்காதேங்கோ. விரலை விளிம்பில அசைக்காமல் வைச்சிருந்தால் மூவ் வராது, ஸ்க்ரோலும் நிண்டிடும்.

தொடக்கத்தில அளந்து வைச்ச எண்கள் திரையை வைச்சு அளந்தவை. பக்கம் ஸ்க்ரோல் ஆனதும் அவை பிழைக்கும். அளக்கேக்க விண்டோ ஸ்க்ரோல்வையைக் கூட்டிச் சேமியுங்கோ, ஒப்பிடேக்க கிளையன்ற்வையோடயும் அப்போதைய ஸ்க்ரோல்வையைக் கூட்டுங்கோ. ஸ்க்ரோல் நடந்த ஒவ்வொரு ஃப்ரேமிலும், விரல் அசையாட்டியும், நடுக்கோட்டுச் சோதனையைத் திரும்ப ஓட விடுங்கோ.

பக்கத்தின்ர தலைப்புப் பட்டை ஸ்ரிக்கியா மேல ஒட்டிக்கொண்டு நிண்டால் அதின்ர உயரத்தையும் மேல் விளிம்போட கூட்டவேணும். கூட்டாட்டி விரல் பட்டைக்குக் கீழ போய் மறைஞ்ச பிறகுதான் ஸ்க்ரோல் தொடங்கும். விரலோட வாற வரிக்கு பொசிஷன் ஃபிக்ஸ்ட் போட்டிருந்தால், அதின்ர மூதாதை எலிமென்ற் ஏதிலயும் ட்ரான்ஸ்ஃபோம் இருக்கோ எண்டு பாருங்கோ; இருந்தால் ஃபிக்ஸ்ட் திரையை விட்டு அந்த எலிமென்றை அடிப்படையா எடுக்கும், ஸ்க்ரோல் ஆன அளவுக்கு வரி விரலை விட்டு விலகி நிக்கும். விரலோட வாற அந்த வரியின்ர நகலை நேரா பொடி எலிமென்றுக்குள்ள சேர்த்தால் சரி.